எண் மறக்கிறது, ஏச்சு மறப்பதில்லை

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுதுபவராக) வேலை செய்கிறேன். சாலையோரத்தில் அடுக்கியிருக்கும் குலைகளை எண்ணிக்கொண்டு போகையில் லோரி ஓட்டுநர் ஏதாவது கேட்டுவிட்டால், அதுவரை எண்ணியது மறந்துபோகிறது. ஆனால், பல ஆண்டுகளுக்கு முன் வேலையாட்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) எல்லார் முன்னிலையிலும் ஏசியது இன்னும் சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. வேண்டியதை விட்டு வேண்டாததை மூளை பிடித்துக்கொள்வது ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் ஞாபக சக்தியில் குறையில்லை. குலைக்கணக்கைத் தாங்குவது, கைவேலைக்கு வேண்டியதைச் சற்று நேரம் மட்டும் மனத்தில் வைத்திருக்கும் செயல்நினைவு; மூளையில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்நெற்றிப் புறணிதான் அதற்கு முக்கியக் காவல். அதில் ஏறத்தாழ ஏழு உருப்படிகள் நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் கணித்தார். உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பதைத் தடுத்துவிட்டால் ஏறத்தாழ நான்குதான் நிற்கும் என்று இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். நீங்கள் எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நடக்கிறீர்கள். ஓட்டுநரின் பேச்சும் அதற்கு நீங்கள் சொல்லும் பதிலும் அதே உள்குரலைப் பறித்துக்கொள்வதால், ஒரே ஓர் எண்கூட நிற்க இடமில்லாமல் போகிறது. வாயால் எண்ணுவதை விட்டு, ஐந்தைந்தாகப் புத்தகத்தில் கோடு போட்டுச் செல்லுங்கள். யார் குறுக்கே பேசினாலும் கோடு அழியாது.

ஏச்சின் கதை வேறு. அவமானம், அச்சம் போன்ற உணர்ச்சிகள் எழும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸை முடுக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்தக் காட்சியை நீங்களே எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்தியும் இருப்பீர்கள். அதை அடக்க மூளைக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். நினைவை ஆராயும் மைக்கேல் ஆண்டர்சன் குழுவினர், இணை இணையாகச் சொற்களைக் கற்றவர்களிடம் ஒரு சொல்லைக் காட்டி, அதன் இணைச்சொல் மனத்தில் எழாமல் தடுக்கச் சொன்னார்கள். அப்போது முன்நெற்றிப் புறணியின் செயல் கூடி, ஹிப்போகேம்பஸின் செயல் தணிந்தது 2004இல் வெளியான மூளைப்படங்களில் தெரிந்தது. தடுக்கப்பட்ட சொற்கள் பிற்பாடு நினைவுக்கு வருவதும் குறைந்தது. விளைவு சிறிதுதான், பிறர் செய்த எல்லாச் சோதனைகளிலும் அது தென்படவும் இல்லை.

ஆனால் வெறுமனே 'நினைக்காதே' என்று உத்தரவு போடுவது பலிக்காது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களுக்கு, பிற்பாடு நினைக்கலாம் என்றதும் கரடி முன்னிலும் அதிகமாக வந்தது. கரடிக்குப் பதில் ஒரு சிவப்புக் காரை நினைக்கச் சொல்லப்பட்டவர்களிடம் அது குறைந்தது. ஆகவே, பெரட்டுக் களத்தைக் கடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிராமல், அங்கே எதை நினைப்பது என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொண்டு போங்கள்.