புகாட்டியா, வீட்டுக் காரா?

கேள்வி: எங்கள் வீட்டு ஹோண்டா சிட்டிக்கு 121 குதிரைத்திறன். 1929-இல் மொனாக்கோ தெருக்களில் நடந்த பந்தயத்தில் ஜெயித்த புகாட்டி ரேஸ் காருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதானாமே? இரண்டையும் ஓடவிட்டால் எங்கள் கார் ஜெயிக்குமா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: நேர் ரோடு என்றால் பந்தயம் கட்டாதீர்கள் தம்பி. அந்த டைப் 35பி மாடலில் 2,262 சிசி, எட்டு சிலிண்டர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர் எல்லாம் சேர்ந்து 130 குதிரைத்திறனை ஒட்டி வரும், அதுகூடப் பெரிய விஷயமில்லை, காரின் எடையே 750 கிலோவுக்கு அக்கம்பக்கம்தான். உங்கள் சிட்டி 1,100 கிலோவைத் தாண்டும். கூரை, ஏசி, ஏர்பேக், பாட்டி சாய்ந்துகொள்ளப் பின்சீட்டு என்று நாம் சுமந்துகொண்டு போகிற எதுவும் புகாட்டியில் இல்லை. சீட் பெல்ட்டும் இல்லை!

வளைவு வந்தால் உங்கள் பக்கம் காற்றடிக்கும். புகாட்டிக்கு ஒடுங்கிய டயர், கேபிள் இழுத்துப் பிடிக்கும் பிரேக். முழு பலத்தையும் காலில் கொடுத்து மிதிக்க வேண்டும், நான்கு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்குமா என்பது கேபிளை எவ்வளவு ஒழுங்காக முறுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிட்டியில் ஹைட்ராலிக் பிரேக், ஏபிஎஸ், பதறிப்போய் அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அப்புறம் கியர். பல்சக்கரங்களின் வேகத்தைத் தானாகவே பொருத்திக் கொடுக்கும் சின்க்ரோமெஷ் புகாட்டியில் கிடையாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, எஞ்சின் வேகத்தைக் கணக்காகப் பொருத்தணும், இல்லையென்றால் பல்சக்கரம் கதறும்.

அந்த 1929 பந்தயத்தில் ஜெயித்த வில்லியம் க்ரோவர்-வில்லியம்ஸ் இப்படித்தான் 100 சுற்று, 318 கிலோமீட்டர், ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். (பிற்பாடு இவர் இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்குள் பிரிட்டிஷ் உளவாளியாக வேலை பார்த்து நாஜிகளிடம் சிக்கி உயிரைவிட்டார், அது தனிக்கதை.) அதே தெருக்களில், போக்குவரத்தை நிறுத்திவிட்டு, கைதேர்ந்த ஒருவரிடம் உங்கள் சிட்டியைக் கொடுத்தால் அந்த 80-ஐ முந்திவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். டயரும் பிரேக்கும் அவ்வளவு தூரம் வந்துவிட்டன.

கேள்வி: வளைவில் சிட்டியிடமே தோற்கும் என்றால் அந்த புகாட்டியை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தக் காலத்தில் மற்ற கார்களை அது தோற்கடித்ததே வளைவில்தான், மேடம்! சிசிலியின் மலைப்பாதைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து புகாட்டிதான் ஜெயித்தது. லேசான உடம்பு, சொன்ன பேச்சு கேட்கும் ஸ்டீயரிங். வார்ப்பு அலுமினியச் சக்கரத்தோடு பிரேக் டிரம்மையும் ஒரே துண்டாகச் செய்திருந்தார்கள், சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், டயர் மாற்றும்போதே பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். காசிருந்தால் யாரும் விலைக்கு வாங்கலாம், வாங்கி அடுத்த ரேஸில் இறங்கலாம். அப்படி இறங்கியவர்கள் நிறையப் பேர்.