இறால் ஆகாத பிள்ளைக்கு மீன் வைக்கலாமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கத்தில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறேன். ராமநாதபுரத்து ஏஜெண்ட் ஒருவர் மூலம் பிறந்தநாள் விருந்து ஒன்று வந்திருக்கிறது. சுமார் 45 பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளைக்கு இறால் அலர்ஜி, இன்னொரு பிள்ளைக்கு வேர்க்கடலை அலர்ஜி என்கிறார்கள். "ரெண்டு பிள்ளைக்கும் தனி டப்பாவுல தயிர்ச்சோறு கட்டிக் குடுத்துருங்க லாத்தா, சோலி முடிஞ்சுது" என்கிறார் ஏஜெண்ட். தனி டப்பா போதுமா? மெனுவில் பொரித்த மீன் இருக்கிறது, அதை வைக்கலாமா? நான் பாக்கெட் எண்ணெய் வாங்குவதில்லை, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான். சுத்தமான எண்ணெய் என்பதால் பயமில்லைதானே?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் ஆபத்து அதிகம்.

நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தச் செக்கு எண்ணெய், வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு நஞ்சு. அலர்ஜியைக் கிளப்புவது கடலையில் உள்ள புரதம். செக்கில் ஆட்டும்போது அந்தப் புரதத்தில் கொஞ்சம் எண்ணெயோடு வந்துவிடுகிறது. அடியில் தங்கும் கசடைப் பார்த்தாலே தெரியும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சரி, செக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். அதே செக்கில் காலையில் கடலை, மதியம் எள், மாலையில் தேங்காய் ஆட்டுகிறார்கள். நடுவில் செக்கைக் கழுவுகிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இந்த ஒரு விருந்துக்கு மட்டும் சீல் உடையாத பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள். கடலை எண்ணெய் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

அடுத்து அந்தத் தனி டப்பா. போதாது. சமைக்கும்போதே டப்பாவுக்குள் கடலை போய்விடுமோ என்பதல்ல என் பயம். விருந்து நடக்கும் இடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மண்டபம் ஒன்றில் நான் கண்ணால் கண்டது இது. ஒரு பிள்ளையின் பெயர் எழுதி ஒட்டிய டப்பா, உள்ளே சுத்தமாகச் சமைத்த சோறு. பரிமாற வந்த பையன் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறான். பாதிதான் நிறைந்திருக்கிறது, பிள்ளைக்குப் போதாதே என்று பாவப்பட்டு, பக்கத்து வாளியிலிருந்து ஒரு கை மிக்சரை அள்ளி மேலே போட்டு மூடிவிட்டான். அந்த மிக்சர் நிறைய வேர்க்கடலை. நல்லவேளை, தாய் திறந்து பார்த்தார். பையன்மேல் தப்பில்லை. அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆர்டர் எடுத்த ஏஜெண்ட் அந்த நேரத்தில் வேறு மண்டபத்தில் வேறு விருந்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது அழகான வழக்கம். ஆனால் அலர்ஜி உள்ள பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துத் தனி டப்பா கொடுத்தால், பிள்ளை அரை மணி நேரம்கூட அங்கே இருக்காது. கூட்டாளிகளின் தட்டுக்குப் போய்விடும். ஆறு வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

அதனால் என் பதில் இதுதான். அந்த இரண்டு பிள்ளைகளைப் பந்தியிலிருந்து ஒதுக்காதீர்கள். இறாலையும் வேர்க்கடலையையும் பந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். 45 பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு. ஒரு நாள் இறாலும் கடலையும் இல்லாமல் இருந்தால் மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சமைக்கும் உங்களுக்கும் வேலை பாதியாகும்: இரண்டு கரண்டி, இரண்டு சட்டி, இரண்டு கை என்று காவல் காக்க வேண்டியதில்லை.

எடுத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் கடலை பல வழியில் உள்ளே வரும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க் குழம்பில் விருந்துச் சமையல்காரர்களான பண்டாரிகள் கடலையை வறுத்து அரைத்து ஊற்றுவார்கள். முந்திரி விலைக்குப் பயந்து குருமாவிலும் அதுவே. வெள்ளைச் சட்னியில் பொட்டுக்கடலையோடு ஒரு பிடி வேர்க்கடலை. ஃபலூடா, கேக், இனிப்புகளின்மேல் தூவும் பச்சைச் சீவல் பிஸ்தா என்று நினைக்காதீர்கள். வேர்க்கடலையைச் சீவிச் சாயமேற்றி பிஸ்தா என்று விற்கும் மோசடி நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. ஆகவே வெளியில் வாங்கும் இனிப்பு, மிக்சர் எதுவும் வேண்டாம். தாளித்து இறக்குவதுவரை உங்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து, பிளேடைக் கழற்றி, அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். போன வாரம் அரைத்த சட்னி அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும். ஜாரைக் கழுவியாயிற்று என்று நாம் சொல்வது அந்த இடத்தைத் தவிர்த்துத்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கைக்கும் சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது.

இப்போது மீன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் கடற்கரையில் "இறால் ஆகாது" என்று ஒரு டாக்டர் சொன்னதும், பிள்ளைக்கு மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். மண்டபம் ஊர் தொடங்கி தொண்டிவரை இதைப் பார்க்கிறேன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு மீனில்லாமல் வேறென்ன கொடுப்பார்கள்? பிள்ளை வெறும் சோறும் ரசமுமாக மெலிந்துபோகிறது. இறாலும் மீனும் ஒரே வலையில் வரலாம், ஒரே இனமில்லை. இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றும் ஓடு உள்ளவை, ஒரே வகை. இவற்றில் அலர்ஜியைக் கிளப்பும் முக்கியமான புரதத்துக்கு ட்ரோபோமயோசின் என்று பெயர். மீன் அலர்ஜிக்குக் காரணம் பார்வால்புமின் என்ற வேறு புரதம். பெயர்களை மறந்துவிடுங்கள், செய்தியை வைத்துக்கொள்ளுங்கள்: இறால் ஆகாத பிள்ளைக்கு நண்டும் பெரும்பாலும் ஆகாது, ஆனால் விளமீனோ பாறை மீனோ பொதுவாக ஒன்றும் செய்யாது. கணவாயிலும் இறாலில் உள்ளதைப் போன்ற புரதமே இருப்பதால் அதை வைக்காதீர்கள்.

அப்படியானால் பொரித்த மீன் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் அந்த மீனை இறால் தொட்டிருக்கக் கூடாது, அங்கேதான் சிக்கல். மார்க்கெட்டில் இறாலும் மீனும் ஒரே ஐஸில் கிடக்கின்றன. மீன் வெட்டிக் கொடுப்பவர் அதே அரிவாள்மனையில் இறாலும் உரிக்கிறார், அதே வாளித் தண்ணீரில் இரண்டையும் அலசுகிறார். எனவே துண்டு மீன் வாங்காதீர்கள். முழு மீனாக, முடிந்தால் கரையில் படகிலிருந்து இறங்கியதும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாக அலசி, உங்கள் கத்தியில் வெட்டுங்கள். புது எண்ணெயில் பொரியுங்கள். நேற்று இறால் பொரித்த எண்ணெயை வடிகட்டி எடுத்து வைத்திருப்பீர்கள். அது வேண்டவே வேண்டாம். சூட்டில் இறாலின் புரதம் அழிவதில்லை, எண்ணெயில் தங்கி அடுத்துப் பொரிப்பதில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மலேசியாவிலிருந்து வந்த இறால் அப்பளத்தை அதே சட்டியில் போட்டுப் பொரிப்பதும் கூடாது. மீன் மசாலாவைக் கடையில் வாங்காமல் நீங்களே மிளகாய், மல்லி, மஞ்சள் சேர்த்துப் பிசையுங்கள். மணத்துக்காகச் சென்னாக்கூனித் தூளைச் சேர்க்கும் கை நம்மில் பலருக்கு உண்டு. கூனி என்பது இறால்தான், பொடி இறால்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பிள்ளை வீட்டில் மீன் சாப்பிடுகிறதா? "ஆமாம், வாரத்தில் பல நாள் சாப்பிடுகிறான்" என்று தாய் சொன்னால் வையுங்கள். "டாக்டர் சொன்னதிலிருந்து கொடுக்கவே இல்லை" என்றால் உங்கள் விருந்தில் முதல் தடவை கொடுத்துப் பார்க்காதீர்கள். கோழிக்கு மாறிவிடுங்கள். அந்தச் சோதனையை மருத்துவர் முன்னால்தான் செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறதா என்பதுதான் என் கவலை. உங்கள் கடிதத்தில் தாய் எங்கேயும் வரவில்லை. ஏஜெண்ட் சொன்னார், ஏஜெண்ட் சொன்னார் என்றே இருக்கிறது. ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் இப்போது விருந்துத் தொழில் இந்த ஏஜெண்டுகள் கையில் இருக்கிறது. பலூன், கேக், மேஜிக் ஷோ, சாப்பாடு எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு, ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தாய் ஏஜெண்டிடம் "உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்" என்று சொல்லியிருப்பார். அது உங்களிடம் "லேசா அலர்ஜியாம்" என்று வந்து சேரும். தாயின் தொலைபேசி எண்ணை உங்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அடுத்த ஆர்டரை நீங்கள் நேரடியாகப் பிடித்துவிடுவீர்கள் என்ற பயம். அவர்களுடைய கமிஷனைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் உயிர் விவரம் பாதி வழியில் நின்றுபோகிறது.

இதைத் தட்டிக்கேட்க எந்த அமைப்பு இருக்கிறது? பாக்கெட்டில் அச்சடித்து விற்கும் உணவில் கடலை, பால், முட்டை, மீன், இறால் வகை இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. வாளியில் வரும் விருந்துச் சாப்பாட்டுக்கு யார் லேபிள் ஒட்டுவார்கள்? சமைத்து விற்கும் உங்களுக்கு அதே ஆணையத்தின் 14 இலக்கப் பதிவெண் வேண்டும் என்கிறது சட்டம், வேண்டியதுதான், வாங்கிவிடுங்கள். ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பவர்கள் அலர்ஜி என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்பினால் என்ன? படிவத்தில் எல்லாம் கேட்கிறார்கள், இதைத் தவிர.

ரிட்டர்ன் கிஃப்ட் பையும் ஏஜெண்ட் வேலைதான், அதையும் விடாதீர்கள். கடலை மிட்டாய் போடுவார்கள். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சாக்லேட்டை வீட்டுக்காரர்கள் போடுவார்கள், அதற்குள் கொட்டைப் பருப்புகளை அரைத்த கூழ் இருக்கும். பிள்ளை பையை வேனிலேயே பிரித்துத் தின்னும். பென்சில், கலர் புத்தகம் போடச் சொல்லுங்கள்.

சில தாய்மார் 100, 200 உணவுகள் கொண்ட ரத்தப் பரிசோதனைப் பட்டியலை நீட்டுவார்கள். வீடு தேடி வந்து ரத்தம் எடுத்துப்போகும் ஏஜெண்டுகள் விற்ற பட்டியல் அது. அவற்றில் பல, ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளப்பவை. பிள்ளை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், அலர்ஜியை அல்ல. நீங்கள் தாயோடு வாதாட வேண்டாம். "எதைச் சாப்பிட்டு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால்: சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். உடம்பில் தடிப்போ உதட்டில் வீக்கமோ வந்து, அதோடு இருமல், குரல் கம்முவது, மூச்சு இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, சோர்ந்து சரிவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசரம். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கச் சதையில். அரிப்புக்குக் கொடுக்கும் செட்டிரிசின் சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. பிள்ளையை நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள். 108-ஐக் கூப்பிட்டு "மூச்சுத் திணறல், அலர்ஜி" என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் பேனா வடிவில் தாய் கைப்பையில் வைத்திருக்கும் அந்த ஊசி இங்கே எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைப்பது அரிது. மலிவான மருந்துதான், ஆனால் பாம்பன் தீவிலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டர் வர வேண்டிய தாயின் கையில் அது இல்லை. இதை எத்தனை முறை சொல்லியும் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சில மருத்துவர்கள் ஆம்பூல் என்ற மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, போடவும் பழக்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு தாய்மாரிடமும் அது இருக்கிறதா, விருந்துக்கு எடுத்து வருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பக்கத்தில் இரவும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

ஆகவே சாமான் வாங்கக் கிளம்புமுன் ஏஜெண்டைக் கூப்பிட்டு இரண்டு தாய்மாரின் எண்ணையும் கேளுங்கள். கொடுத்தால் இருவரிடமும் நீங்களே பேசி, மெனுவை அவர்களுக்கு ஒவ்வொரு பொருளாகப் படித்துக் காட்டி, சரி என்று குறுஞ்செய்தியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் நான் பேசிக்கிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஆர்டரை விட்டுவிடுங்கள்.