உளறினால் போதை என்று விட்டுவிடாதீர்கள்

வேலூரில் செங்கல் சூளை நடத்தும் நீங்கள், வெயிலில் வேலையாட்கள் படும் தொல்லைகளுக்கு என்ன செய்வது என்று கேட்ட கடிதத்தில் வேர்க்குரு, நீர்க்கடுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள் விஷயத்தை. செங்கல் அறுக்க வந்து மூன்றே நாளான பையன் மதியம் சம்பந்தமில்லாமல் பேசித் தள்ளாடினான், குடித்திருப்பான் என்று நிழலில் கிடத்தினோம் என்கிறீர்கள். அவன் பிழைத்தது அதிர்ஷ்டம்.

வெயிலில் உழைப்பவர் உளறினாலோ, ஊர் பேர் கேட்டால் தடுமாறினாலோ, காரணமில்லாமல் சண்டைக்கு வந்தாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைப் பாதிக்கும் நிலை அது. வியர்க்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். வேலை செய்துகொண்டே விழுபவருக்குச் சட்டை நனைய வியர்த்திருக்கும். ஒருவர் 108-க்குப் பேசட்டும். மற்றவர்கள் சட்டையைக் கழற்றி, மண் குழைக்க வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, அட்டையோ துண்டோ எடுத்து விசிறட்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் நரம்பு வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாமே, அதை அழித்துவிடுங்கள். அந்தப் பயத்தில் கைகட்டி நிற்கும் நிமிடங்கள்தான் உயிரைக் குடிக்கின்றன. காலையிலேயே எல்லாருக்கும் பாராசிட்டமால் கொடுப்பதையும் இன்றோடு விடுங்கள். இது காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, ஈரலைத்தான் கெடுக்கும்.

வேர்க்குருவுக்குத் தளர்ந்த பருத்திச் சட்டை போதும். கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் நிழலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும். நீர்க்கடுப்பு பெண்களுக்குத்தான் அதிகம் என்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள், ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். களத்தருகே ஒரு கழிப்பறை கட்டுங்கள். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னால் குடிப்பார்கள்.

புதிதாக வருபவர் உடம்பு வேலூர் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுங்கள், பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள். கத்திரியில் விடியலில் தொடங்கி 11 மணிக்கு நிறுத்துங்கள். கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால் யாரும் தானாக ஓய்வெடுக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும்.

அந்தப் பையனை நாளைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவனை வெயிலில் இறக்காதீர்கள்.