அந்தமான் மாற்றலால் தம்பியின் பதவி உயர்வு கெடுமா?

தக்கலை அக்கா, கடற்படையில் இருக்கும் உங்கள் தம்பிக்கு அந்தமான் மாற்றல் வந்திருக்கிறது, அங்கே தரைப்படை அதிகாரியின் கீழ் இருந்தால் பதவி உயர்வும் ஓய்வூதியமும் கெடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கெடாது அக்கா, தைரியமாக அனுப்புங்கள்.

அந்தமான் நிகோபார் கட்டளையகம் 2001-லிருந்தே முப்படைக்கும் பொது. தலைமைத் தளபதி எந்தப் படையிலிருந்தும் வரலாம். முன்பெல்லாம் ஒரு சிக்கல் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் ஆளை அவருடைய சொந்தப் படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், நாள் இழுக்கும். 2023-ல் ஒரு சட்டம் போட்டு அந்த அதிகாரத்தை முப்படையினரையும் நடத்தும் கூட்டுத் தளபதிக்கே கொடுத்துவிட்டார்கள். 2024 மே 10 முதல் அமலில் இருக்கிறது. அப்போதும் தம்பிக்குப் பொருந்துவது 1957-ஆம் ஆண்டு கடற்படைச் சட்டம்தான். அவருடைய பணி விதிகளை இந்தப் புதுச் சட்டம் தொடவே இல்லை.

2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் கரையில் நின்றவன் நான். கப்பலும் விமானமும் ஒரே தளபதியின் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, குடும்பமும் கூடப் போகிறதா? அப்படியென்றால் குடியிருப்பு கிடைக்குமா என்று இப்போதே யூனிட்டில் கேட்கச் சொல்லுங்கள்.