பழநிக்கு இன்னும் ஒரு நாள் நடைதான். அப்பாவுக்குக் கால் வலிக்கவே இல்லையாம்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வருஷாவருஷம் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழநிக்கு நடந்து போகிறோம். நான், மனைவி, 11 வயது மகன், 67 வயது அப்பா. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை. போன தடவை திண்டுக்கல் வரை யாருக்கும் ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்தில் தங்கிய ராத்திரி பார்த்தால், அப்பாவின் உள்ளங்காலில் பெரிய கொப்புளம் உடைந்து கிடக்கிறது. அவருக்கு வலியே இல்லை. விடியற்காலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. பானகம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மகன் குதிகால் வலி என்று நொண்டினான். மனைவிக்கு இரண்டு காலும் வீக்கம். ‘இன்னும் ஒரு நாள்தானே’ என்று எல்லோரும் நடந்து மலையும் ஏறிவிட்டோம். அப்பாவின் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவையும் செருப்பில்லாமல்தான் வருவேன் என்கிறார். கடைசி இரண்டு நாளை எப்படிச் சமாளிப்பது? வலி ஊசி போட்டுக்கொண்டு நடக்கலாமா?

மருத்துவர் பதில்:

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி ‘அவருக்கு வலியே இல்லை’ என்பதுதான். உங்கள் மகன் நொண்டினான், மனைவி வீக்கத்தைச் சொன்னார். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. தோல் உரிந்த உள்ளங்காலோடு ஒருவர் சாதாரணமாக நடக்கிறார் என்றால், அந்தக் காலின் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. நமக்கெல்லாம் ஓரிடத்தில் உறுத்தினால், நம்மை அறியாமலே பாதத்தைச் சாய்த்து வைத்து நடப்போம். உணர்வு போன பாதம் அப்படிச் செய்யாது. அதே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை தரையில் மோதிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நான்கு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, ஐந்தாம் நாள் ராத்திரி புண்ணாகவே கண்ணில் படுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்பாவைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனிகளை ஒன்றிரண்டு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு இடம். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அப்புறம் யாத்திரைக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் சர்க்கரை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் அங்கே பார்த்துவிடுவார்கள். இரண்டு மாதம் ஆறாத புண் என்பதால், சோதனையில் தேறினாலும் காட்டத்தான் வேண்டும்.

செருப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தை மாதம் விடியற்காலையில் குளிராக இருந்தாலும் மத்தியானம் தார் ரோடு கொதிக்கும். உணர்வில்லாத பாதம் அந்தச் சூட்டில் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கான மெத்தென்ற அடிப்பாகம் கொண்டது. பின்னால் வார் வைத்ததாக வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழகட்டும். புதுச் செருப்போடு புறப்பட்டால் அதுவே கடிக்கும். ‘முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்’ என்று டாக்டர் சொல்லி எந்தப் பெரியவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. உங்கள் குழுவில் பல வருஷமாகக் காவடி எடுக்கும் மூத்தவர் யாராவது சொன்னால் கேட்பார். செருப்பை அடிவாரத்தில் கழற்றினால் போதும் என்று அவர் வாயால் சொல்லவையுங்கள்.

இப்போது அந்த விடியற்காலை வியர்வை. அது சர்க்கரை இறங்கியதால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாள் முழுக்க உழைத்த தசைகள் ராத்திரி ஓய்வில் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துச் சேமித்துக்கொள்ளும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கிளைமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அன்னதானம் கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டு, களைப்பில் ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி இறங்குவது அரிது. நடக்கிற நாட்களுக்குக் கிளைமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை அவருடைய மருத்துவர் எழுதித் தரட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

குளுக்கோமீட்டரை எடுத்துப் போங்கள். புறப்படும் முன், நடுவில் ஒரு தடவை, படுக்கும் முன் பாருங்கள். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தூங்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. மீட்டர் கையில் இல்லை, ஆனால் வியர்வையும் நடுக்கமும் இருக்கிறது என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் பானகம் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

பானகத்தில் சரியாகிவிட்டது என்று அன்றைக்கே அவரை நடக்கவைத்தது தப்பு. கிளைமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை. ஒரு தடவை ஏற்றிவிட்ட சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். இட்லியோ சோறோ சாப்பிட வைத்து, அன்று முழுவதும் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். சாமான் வண்டியில் இருந்தால், அந்த வண்டி எப்போதும் 5 கிலோமீட்டர் முன்னால்தான் நிற்கும்.

வலி ஊசி வேண்டாம். அப்பாவுக்குக் கட்டாயம் வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டான் போல ‘சார்டான்’ என்று முடியும் பெயரும், கூடவே சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் எழுதியிருந்தால், வெயிலில் உடம்பு வற்றிய நிலையில் அதன் மேல் வலி மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் ஒரே நாளில் படுத்துவிடலாம். வழியில் நல்ல மனசோடு மாத்திரை கொடுப்பவர்களுக்கு இவர் என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாது. வலிக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். அதற்கும் அடங்காத வலி என்றால் நடையை நிறுத்த வேண்டிய வலி. இது பெரியவர்களுக்கான அளவு, பையனுக்கு எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மனைவிக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, ராத்திரி காலை உயர்த்திப் படுத்தால் காலையில் குறைகிறது என்றால் அது நடையின் வீக்கம்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அந்தக் காலில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடச் சொல்லக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காலுக்கு வெந்நீர் வைத்திருக்கும் இடங்களிலும் அப்பாவைக் கால் வைக்க விடாதீர்கள். உங்களுக்கு இதமாக இருக்கும் சூடு அவர் தோலைப் பொசுக்கிவிடும்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை, உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். தாகத்துக்குத் தண்ணீர், நடுநடுவே உப்புப் போட்ட மோர், சோர்வாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். யாராக இருந்தாலும் நடை அங்கேயே நிற்க வேண்டும்.

மகனின் குதிகாலை இரண்டு பக்கத்திலிருந்தும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். வலித்துக் காலை இழுத்தால், வளரும் பிள்ளைகளின் குதிகால் எலும்பு நுனியில் வரும் உரசல் வலியாக இருக்கும். 8 முதல் 14 வயதுக்குள் சகஜம், ஓய்வில் தானாகப் போய்விடும், நிரந்தரக் கெடுதல் கிடையாது. குஷன் உள்ள ஷூ போடட்டும், நாளில் பாதி தூரம் வண்டியில் வரட்டும். நொண்டுகிற பிள்ளையை ‘அரோகரா’ சொல்லி நடக்கவைக்காதீர்கள்.

உங்களுக்கோ மனைவிக்கோ கொப்புளம் வந்தால் தோலை உரிக்காமல் கழுவி, துடைத்து, மெல்லிய துணிக்கட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம், அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும். அப்பாவுக்கு வந்தால் யாரும் கை வைக்க வேண்டாம், நேராக மருத்துவரிடம். எல்லோரும் கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கடைசி ராத்திரிகளில் தூக்கம் கெட்டு நடக்கிறவர்களுக்குக் கொப்புளத்தைவிட லாரி பெரிய ஆபத்து. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கட்டும்.

சரி, ஒட்டன்சத்திரம். அங்கிருந்து பழநி சுமார் 30 கிலோமீட்டர். அத்தனை நாள் நடந்து வந்தவர்களிடம் அந்த ராத்திரி ‘நீங்கள் வண்டியில் வாருங்கள்’ என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் இந்த முடிவைத் தேவகோட்டையிலேயே, அப்பா முன்னிலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தினமும் ராத்திரி உங்கள் மனைவியோ நீங்களோ, யாராவது ஒருவர், போன் டார்ச் அடித்து அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். கொப்புளம், சிவப்பு, ஈரக்கசிவு, கெட்ட வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும், அன்று சர்க்கரை 70-க்குக் கீழே ஒரு தடவை இறங்கியிருந்தாலும், அவர் மிச்ச தூரத்துக்கு வண்டி ஏறுகிறார். மறுபேச்சு இல்லை. காய்ச்சல், மார்பு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழப்பம் என்றால் நேராக மருத்துவமனை. ஒட்டன்சத்திரத்திலும் பழநியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.

பழநி போய்ச் சேர்ந்த பிறகும் 693 படி பாக்கி. சோர்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். அப்பாவுக்கு விஞ்ச் அல்லது ரோப் கார், கூட்டத்தில் அது முடியாவிட்டால் சரிவு குறைந்த யானைப்பாதை. வரிசையில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், குதிகாலை அடிக்கடி தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். காலில் புண் இருந்தால் சண்முக நதியிலோ இடும்பன் குளத்திலோ அவர் இறங்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகட்டும்.

ஊர் திரும்பியதும் மாத்திரை அளவைப் பழையபடி மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு இரண்டு பாதங்களையும் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லை, புண்ணும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கினாலும் வெளியே இவ்வளவுதான் தெரியும். அன்றிலிருந்து அந்தக் காலை ஊன்றவிடாமல், உடனே சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அப்போதும் விடாமல் அடுத்த பரிசோதனை என்ன என்று கேளுங்கள்.