விடியற்காலை நீச்சலில் கண்ணாடி மங்குவது பற்றி

மாட்டுவதற்கு முன் நீச்சல் கண்ணாடியை அரை நிமிடம் குளத்துத் தண்ணீரில் முக்கி வையுங்கள். முகத்தையும் அதே தண்ணீரில் கழுவிக்கொண்டு உடனே மாட்டுங்கள். சாயங்காலம் தெளிவாக இருக்கும் கண்ணாடி காலை ஐந்தரைக்கு மட்டும் இரண்டே சுற்றில் மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகப் புதுக் கண்ணாடி வாங்க இப்போதே ஓட வேண்டாம்.

திறந்தவெளிக் குளம் மார்கழி இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும். கண்ணைச் சுற்றியுள்ள சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த வில்லையின் உட்புறத்தில் பட்டுப் பொடித் துளிகளாகப் படிகிறது. நண்பர்கள் வந்து சேரும்வரை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நெற்றிச் சூடும் வியர்வையும் நேரே உள்ளே போகின்றன. கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். ஒரு பக்க வில்லையின் உள்ளே மட்டும் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு விட்டுப் பரப்பி, நுரை போக அலசிவிடுங்கள். அந்தப் பக்கம் தெளிவாக இருந்து மறுபக்கம் மங்கினால், உள்ளே இருக்கும் மங்காப் பூச்சு தேய்ந்திருக்கிறது. விரலாலோ துண்டாலோ உட்புறத்தைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

ஷாம்பூவைச் சரியாக அலசாவிட்டால் கண் எரியும். அப்புறம், மங்கிய கண்ணாடியோடு இருட்டில் நீந்தாதீர்கள், எதிரே வரும் ஆள் தெரியாது. ஓரத்துக்கு வந்து ஒருமுறை அலசிவிட்டுப் போங்கள்.