ஒரு கார்ட்டூனைப் பார்த்ததும் சிலர் சட்டென்று புண்படுவது ஏன்?

நல்ல கார்ட்டூனில் அர்த்தம் அடுக்கடுக்காக இருக்கும். மேலடுக்கை மட்டும் பார்த்தால் கோபம் வருவது இயல்பு.

2012-இல் நாடாளுமன்றத்தையே நிறுத்திய, கார்ட்டூனிஸ்ட் சங்கரின் கார்ட்டூனை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-இல் வரைந்தது. அரசியல் சட்டம் என்ற நத்தைமேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்குகிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது.

முதல் பார்வைக்கு நேரு அம்பேத்கரை அடிப்பதுபோலத் தெரியும். அப்புறம்தான் அம்பேத்கர் கையிலும் சாட்டை இருப்பதும், இருவரும் விரட்டுவது நத்தையை என்பதும் புரியும். அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது: ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? இந்தப் படத்தை வெளியிட்டு எதிர்ப்புக்கு ஆளான 11-ஆம் வகுப்புப் பாடநூலும் இதைத்தான் மாணவர்களிடம் கேட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விவாதித்துச் செதுக்கிய சட்டம் அது.

எதிர்த்தவர்களை வெறும் தொட்டாற்சிணுங்கிகள் என்று நான் ஒதுக்க மாட்டேன். தலைமுறைகளாகச் சாட்டையடி பட்ட சமூகத்தின் பிள்ளைக்கு அந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். அந்த வலியை வகுப்பில் பேசியிருக்க வேண்டும். ஆனால் படத்தையே நீக்க அரசு முடிவெடுத்தது. பாடநூலின் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் விலகினார்கள். அதோடு, நத்தை ஏன் மெதுவாகப் போனது என்று யோசிக்கும் வாய்ப்பும் மாணவர்களுக்குப் போய்விட்டது.